மூன்று நாள் பயணத்தின் அறிக்கை

அல்பேனியாவுக்கு மூன்று நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் வேன் கிளம்பிய அரைமணி நேரத்துக்குள் நான் சொல்லி முடித்துவிடும் விஷயங்கள் சில உண்டு. கையில் எங்கள் பணமான லெக் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை நீட்டினால் மலையூர்க் கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். யாராவது ஆயிரம் என்றால் நூறு கொடுங்கள். பணத்தில் ஒரு சைபரை எடுத்து அறுபது வருடம் ஆகப்போகிறது, எங்கள் ஆட்கள் வாயிலிருந்து மட்டும் அது இன்னும் போகவில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். ஊருக்கு ஊர் ஓடும் வேன்கள் கடிகாரம் பார்த்துக் கிளம்பாது, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஜிரோகாஸ்தரில் கல் பாவிய ஏற்றத்தில் வழுக்கும், ரப்பர் செருப்பு நல்லது. எங்கள் ஊர்ச் சாராயமான ராக்கியில் முதல் கிளாஸை மறுக்கக் கூடாது, இரண்டாவதை மறுக்க முடியாது.

பதினெட்டு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. போன செப்டம்பரில் சொன்னபோது மட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா பெட்ரிட், எழுபத்தேழு வயது. பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் அவரும் வழிகாட்டிதான், அரசாங்க வழிகாட்டி. அப்போது வெளிநாட்டுக்காரர் என்றால் வருடத்துக்குச் சில கூட்டம்தான் வரும். எல்லையிலேயே நாவிதர் இருப்பார். தாடியும் நீள முடியும் போனால்தான் ஆளுக்கு உள்ளே அனுமதி. பயணிகள் என்ன கேட்டார்கள், எதைப் படம் எடுத்தார்கள், யாரோடு பேசினார்கள் என்று வழிகாட்டி தினமும் உளவுத்துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்தார். எல்லோரும் எழுதினார்கள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வதும் உண்டு.

இப்போது அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் போய் நின்று, ருமேனியாவிலிருந்து வரும் குழுவுக்காகக் காத்திருந்தார். மூன்றாவது முறை அடுப்பை எரியவிட்டுப் போனார். கிரேக்கத்தில் யானினாவில் வேலை செய்யும் என் தம்பி லுவான், தலைநகர் டிரானாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான்.

"அக்கா, வாரத்துல நாலு நாள் நீ ரோட்டுல கெடக்குற. பக்கத்து வீட்டுக்காரி எத்தனை நாள்தான் பார்ப்பா?"

"இந்த மூணு நாள் அவரை நான் கூடவே கூட்டிட்டுப் போறேன்டா. ஒரு குழப்பமும் வரலைன்னா அப்பா எங்கூடதான் இருப்பாரு."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நீ சொல்ற இடத்துக்கு அனுப்பிடறேன். போதுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஜிரோகாஸ்தருக்கு நேரில் வந்து பார்ப்பதாக அவன் சொன்னான். எல்லையிலிருந்து பக்கம்தான்.

அந்த முறை வந்தவர்கள் ஹாலந்திலிருந்து வந்த ஒரு ஜோடி, யோப்பும் மார்லூஸும். நல்ல மனிதர்கள். ஆனால் யோப்புக்கு நெஞ்சு வரை தாடி. டிரானாவில் வேன் ஏறும்போது அப்பா அதை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "எல்லையில யாரு டியூட்டி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

முதல் நாள் மாலை பெராத். விடுதியில் சாவி வாங்கிக்கொண்டு திரும்பினேன், வாசலில் மார்லூஸ் மட்டும் நின்றாள். "உங்கப்பா யோப்பை எங்கேயோ கூட்டிட்டுப் போனாரு. ரொம்ப மரியாதையா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு," என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஓடினேன். ஆற்றங்கரைத் தெருவில் முடிவெட்டும் கடையில் யோப் நாற்காலியில் சாய்ந்திருந்தான், ஒரு கன்னம் மழமழவென்று, மறு கன்னத்தில் தாடி. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கடைக்காரர் அப்பா வயதுக்காரர், என்னைப் பார்த்ததும் கத்தியை இறக்கினார்.

"என்னம்மா பண்றது? இவரு உள்ள வந்து, 'இவருக்கு எடுத்துவிடுங்க, குழு காத்திட்டிருக்கு'ன்னாரு. அந்தக் குரலைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேலாச்சு. கை தானா கத்தியை எடுத்துடுச்சு."

"வாய்னு ஒண்ணு இருக்குல்ல? எதுக்குன்னு கேக்க வேண்டியதுதானே!"

"அப்ப யாரும்மா கேட்டோம்?"

யோப் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இதுவும் டூர்ல சேர்ந்ததா?" என்றான்.

நான் பாவி, "ஆமா, பழைய வழக்கம்," என்று சொல்லிவிட்டேன். மறு கன்னத்தையும் எடுத்துவிடச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. மார்லூஸ் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒன்பது வருஷமா நான் கெஞ்சியும் எடுக்காத ஆளு!" என்று அப்பாவின் கையைக் குலுக்கினாள். அப்பா விறைப்பாக நின்று குலுக்கலை வாங்கிக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் லுவான் கூப்பிட்டான். "யாரையாவது தொந்தரவு பண்ணாரா?"

"தொந்தரவா? அவரால ஒருத்தருக்குப் பத்து வயசு குறைஞ்சிருக்கு," என்றேன். அவன் சிரித்தான். வேறு எதுவும் கேட்கவில்லை என்று நானும் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

இரண்டாம் நாள் அப்பா அமைதியாக இருந்தார். வழியில் ஒரு நோட்டு வாங்கித் தரச் சொன்னார், தந்தேன். மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே வந்தார். நான் தண்ணீரைப் பற்றி மறுபடி நினைவுபடுத்தினால் எழுதுவார், சைபரைப் பற்றிச் சொன்னால் எழுதுவார். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி, பாடாகப் படுத்தாமல் வருகிறாரே என்று எனக்குச் சந்தோஷம்தான். எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஜிரோகாஸ்தரில் சாப்பிடும்போது, துண்டுப் பென்சிலால் நான் கணக்கெழுதுவதைப் பார்த்த மார்லூஸ் தன் பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்துத் தந்தாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். எதிரில் அப்பாவின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"என்னப்பா?"

அவர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "உங்க பேரு என்ன, தோழர்?" என்று கேட்டார்.

"மோண்டாப்பா. உங்க பொண்ணு."

"எம் பொண்ணுக்கு எட்டு வயசு," என்றார். அந்த ஊர்ப் பொரித்த சோற்று உருண்டை ஒன்றை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். வெளிநாட்டுக்காரர்கள் எதிரில் அழவா முடியும்? கோட்டைக்குப் போகும் வழியைப் பற்றிப் பேசினேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் பேருந்துக்கு ஓட்டுநர் காச்சோ மாமா. எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. ஒரு பிரெஞ்சுக்காரர் அவருக்கு ஒரு பேனா கொடுத்தார். வெளிநாட்டுக்காரரிடம் எதை வாங்கினாலும் அப்போது குற்றம். அப்பா அதை அறிக்கையில் எழுதினார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அப்பா திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார், நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். காச்சோ மாமா காரில் ஏறும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரையும் அவர் வீட்டாரையும் நாங்கள் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அப்பா வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றாம் நாள் காலை யோப்பும் மார்லூஸும் கோட்டைக்கு ஏறிப் போனார்கள். மத்தியானம் அவர்களைச் சாரந்தாவில் கப்பலேற்ற வேண்டும். விடுதிக்காரி ஃபெரிதே, காபியோடு மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மோண்டா, உங்கப்பா விடியக்காலம் என்கிட்ட குடுத்தாரு. 'பொறுப்பாளர்கிட்ட சேர்த்துடுங்க'ன்னாரு. எனக்கு எந்தப் பொறுப்பாளரைத் தெரியும்? எம் புருஷனே எனக்குப் பொறுப்பில்ல. நீயே வச்சுக்க."

பிரித்தேன். நடுக்கமே இல்லாத பழைய கையெழுத்து.

"வெளிநாட்டார் இருவர். ஆண்: தாடி, முதல் நாள் மாலை அகற்றப்பட்டது. பெண்: அதிகம் சிரிக்கிறார். இவர்களால் ஆபத்து இல்லை. ஆபத்து இவர்களை அழைத்து வரும் பெண்ணால். நம் தண்ணீர் குடிக்கத் தகாதது என்றாள். நம் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புவதில்லை என்றாள். நம் கடைக்காரர் ஆயிரம் கேட்டால் நூறு மட்டும் தரும்படி சொல்லிக் கொடுத்தாள். ராக்கியைப் பற்றிக் கேலி பேசினாள். இரண்டாம் நாள் பிற்பகல் வெளிநாட்டுப் பெண்ணிடமிருந்து ஒரு பேனா பெற்றுக்கொண்டாள். நிறம் நீலம். நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ராக்கி வரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பேனா வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதை லுவானிடம் எப்படிக் காட்டுவது? காட்டாமல்தான் எப்படி இருப்பது? அப்பா என்னைத் தெரியாத ஆளாக நினைக்கிறார் என்பதுகூடப் பெரிதில்லை. அந்தத் தெரியாத ஆளை இப்படிப் பார்க்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா. கோட்டு, டை, வாரிய தலை.

"ஏம்மா அழுவுற?"

"எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போயிடப் போறாங்க."

"என்ன தப்பு பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. வயசாயிடுச்சு. அவ்வளவுதான்."

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டினார். "அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுடு, பொண்ணே. யாராவது கேட்டா, குடுத்தாங்க, வாங்கலன்னு சொல்லு."

"எழுதினவரு எழுதிட்டாரே," என்றேன். கோபத்தில் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா?

அப்போதுதான் தெரு முனையில் லுவானின் கார் திரும்பியது. பத்து மணி. கார் வெள்ளை. அவன் போன வருடம் வாங்கியது, அதன் நிறத்தைப் பற்றி அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

அப்பா எழுந்தார். எனக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றார். லுவான் இறங்கி, "அப்பா!" என்று கையை விரித்தான். அவர் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்தார்.

"இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல, தோழர். நான் எழுதினது பொய்."

"அக்கா, என்ன சொல்றாரு?"

"பேனாவை இவ வாங்கல. நான்தான் அவ பையில வச்சேன். போன தடவையும் நான் எழுதினதுதான். அவரும் ஒண்ணும் பண்ணல." அவர் காரை நோக்கி ஒரு எட்டு வைத்தார். "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவரே கார்க் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி, முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

நான் கதவைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, இறங்குங்க. இது லுவான். நம்ம லுவான். நான் மோண்டா. இறங்குங்கப்பா, வீட்டுக்குப் போலாம்." அவர் உள்ளேயிருந்து கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. நான் கெஞ்சக் கெஞ்ச அவர் பிடி இறுகியது. என்னைக் காப்பாற்றுகிறாராம்.

லுவான் படியில் கிடந்த தாளை எடுத்துப் படித்தான். காச்சோ மாமா விஷயம் நடந்தபோது அவன் கைக்குழந்தை, ஆனால் எங்கள் தெருவில் அது தெரியாதவர் யார்? படித்து முடித்ததும் நீ தோற்றாய் என்று அவன் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இப்ப என்ன பண்றது?" என்று சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? வருகிறவர்களுக்கெல்லாம் எதைச் செய், எதைச் செய்யாதே என்று சொல்வதோடு சரி.

இறக்கினால் அவர் உடைந்துபோவார் என்று மட்டும் தெரிந்தது. நாற்பத்து நான்கு வருடமாகச் செய்ய நினைத்த ஒன்றை இப்போதுதான் செய்து முடித்திருந்தார். நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

லுவான் வண்டியைக் கிளப்பினான். அப்பா கண்ணாடியை இறக்கினார். நெஞ்சில் கையை வைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி என்னிடம் விடைபெற்றார்.

"அழாத பொண்ணே. ஓடு, வீட்டுக்குப் போ. உங்கப்பா காத்துக்கிட்டிருப்பாரு."