வெயில் புகாத புட்டி

நியாண்டோ ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. விறகெல்லாம் ஈரம், அடுப்பு பற்றவில்லை. காய்ச்ச வழியில்லாதவர்கள் தண்ணீரைப் பிளாஸ்டிக் புட்டிகளில் நிரப்பித் தகரக் கூரைமேல் வையுங்கள், வெயில் கிருமியைக் கொன்றுவிடும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தாள். அபொண்டி நேற்றுக் காலையே வைத்துவிட்டாள். காலராவிலிருந்து இப்போதுதான் மீண்ட அவள் மகன் ஒச்சோலா மதியத்திலிருந்து தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தான்.

மாலையில் ஒரு புட்டியை இறக்கினாள். ஆற்றுத் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில், வெயில் பட்டு முழுவதும் மின்னியது. இத்தனை பளிச்சென்று இருக்கிறதே, வெயில் நன்றாக இறங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். இருந்தாலும், அடியில் வைத்த எழுத்து தெரிந்தால்தான் வெயில் வேலை செய்திருக்கும் என்று நர்ஸ் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தாள். செய்தித்தாளின் தலைப்பு எழுத்துமேல் புட்டியை நிறுத்தி, அதன் வாய்வழியே குனிந்து பார்த்தாள். எழுத்து தெரியவில்லை. அடியில் காகிதம் இருப்பதே தெரியவில்லை.

யோசிக்க யோசிக்க அந்த மினுமினுப்பே அவளுக்குச் சந்தேகமாகப் பட்டது. மிதக்கும் மண்துகள் ஒவ்வொன்றும் வெயிலைத் தட்டித் திருப்புகிறது. ஒன்று திருப்பியதை அடுத்தது திருப்புகிறது. இப்படி அலைக்கழிந்து கொஞ்சம் வெளியே வந்துவிடுகிறது. கண்ணுக்கு மின்னுவது அதுதான். மிச்சத்தை மண்ணே விழுங்கிவிடுகிறது. நடுப்புட்டியில் இருக்கும் கிருமிக்கு நல்ல நிழல்.

அவள் கணவனின் மூத்த மனைவி அவோர் வாசலில் வந்து நின்றாள். "புள்ளைக்குத் தொண்ட காயுது, நீ பேப்பர் படிச்சிட்டு இருக்கே."

"படிக்க முடியலயேக்கா, அதான் பயமா இருக்கு. எழுத்துலேர்ந்து என் கண்ணுக்கே வெளிச்சம் வந்து சேரல. மேலேர்ந்து வெயில் மட்டும் எப்படிக்கா அடிவரைக்கும் போயிருக்கும்?"

"ரெண்டு நாளா கூரையில கெடந்திருக்கு. அதுக்கு மேல அதுக்கு என்ன வேணும், விருந்தா?"

அபொண்டி நகர்ந்து இடம் விட்டாள். அவோர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். புட்டியைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பலகை பெயரும் சத்தம் கேட்டது. உயரக் கால்கள்மேல் நின்ற அவோரின் கோழிக்கூடு ஒன்றுதான் அந்த வளவில் நனையாத மரம். கை நிறையப் பலகையோடு திரும்பி வந்தாள்.

"ஒரு சட்டித் தண்ணி காயும். கோழிங்க இன்னிக்கு ஒன் வீட்டுல படுக்கட்டும். கட்டில்ல எச்சம் போட்டுச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்காதே."

அபொண்டி தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தாள். மற்றப் புட்டிகளில் இருந்ததைத் தெளியட்டும் என்று பானையில் ஊற்றினாள். கொதித்த பிறகும் நிறம் அதேதான். ஆனால் இனிப் பயமில்லை. ஆற்றிக் கொடுத்ததும் ஒச்சோலா இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு குடித்தான். இன்னும் வேண்டும் என்றான்.