முதல் பீரியடு

கோதண்டபாணி வாத்தியார் கொளஞ்சிநாதனின் அம்மாவுக்கு இருநூற்று எண்பத்தாறு ரூபாய் தர வேண்டும். எல்லாம் இட்லி தின்ற பாக்கி. தினமும் முதல் பீரியடில் கொளஞ்சிநாதனைத்தான் தூக்குச்சட்டியோடு அம்மாவின் கடைக்கு அனுப்புவார். முதல் பீரியடு தமிழ். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே பீங்கான் கம்பெனியில் சூளை வேலைக்குப் போன பிறகு, முப்பது வயதில்தான். பிள்ளை படிக்கிற இடமாயிற்றே என்று கடைசிவரை காசு கேட்காமலேயே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

கான்வென்டுக்கு ஃபீஸ் கட்ட முடியாமல், இன்று மகள் அன்புக்கரசியை அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கேட்டைத் தாண்டி அவள் வந்தாள். கையில் தூக்குச்சட்டி.

"எச்செம் சாரு இட்லி வாங்கியாரச் சொன்னாருப்பா. காசு அப்பறமாத் தருவாராம்."

கொளஞ்சிநாதனுக்கு உச்சந்தலை கொதித்தது. சட்டியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனான். அவளும் பின்னாலேயே ஓடினாள். தலைமையாசிரியர் நாற்காலியில் கோதண்டபாணி உட்கார்ந்திருந்தார்.

"அட, இட்லிக்காரம்மா மவனா? நல்லாருக்கியாடா?"

"நல்லாருந்தா சூளையில கெடந்து ஏன் சார் வேவுறேன்? எங்கம்மாவுக்கு இருநூத்தி எம்பத்தாறு ரூவா தரணும் நீங்க."

அவர் சிரித்தபடி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "மீதியும் நீயே வச்சிக்க."

"ஒங்க காசு எனக்கு வேணாம். அந்தக் கடன இன்னியோட தள்ளிட்டேன். ஆனா எம்மவள இனிமே கிளாஸ வுட்டு எந்திரிக்க வச்சீங்க, வாத்தியாருன்னு பாக்க மாட்டேன்."

சட்டியை மேசைமேல் நங்கென்று வைத்தான். மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வகுப்பில் உட்கார வைத்தான்.