கிழிந்ததா? தைத்துத் தருகிறோம்

வீட்டிலிருந்தபடி தொழில் தொடங்குகிறவளுக்கு முதலில் வந்து சேருவது சொந்தக்காரர்கள்தான். அதில் ஒரு பெருமையும் இல்லை. என் தம்பி ஒரு சட்டைப் பட்டனோடு வந்தான். நான் ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் இரண்டு முறை காபி கேட்டான். நாத்தனார் ஒரு திரைச்சீலையைக் கொடுத்து ஓரம் மடிக்கச் சொன்னாள். நூல் பிடித்த மாதிரி நேராக மடித்துக் கொடுத்தால், தூக்கிப் பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்றாள். மூன்றாவது வாடிக்கையாளர் என் கணவர். அவருடைய பேன்ட் ஜிப் ஒரே வாரத்தில் மறுபடி மறுபடி பிய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒருநாள் குளியலறைக்குள் அவரே குறடு வைத்துப் பிய்த்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"உனக்கு வேலை குடுக்கலாம்னுதான்..." என்று இழுத்தார்.

இந்த மனுஷனைக் கட்டிப்பிடிப்பதா, அதே குறடால் மூக்கைத் திருகுவதா என்று எனக்குத் தெரியவில்லை. குறடைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைக்குமேல் ஒரு கெடு தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நான் முன்பு இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தேன். சின்னவன் பிறந்தபோது எடுத்த விடுப்பை நீட்டி நீட்டி, அது இனி நீளாது என்கிற இடத்துக்கு வந்திருந்தேன். "வர்றீங்களா இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆபீஸும் நல்ல ஆபீஸ்தான். ஆனால் மத்தியானத்துக்குமேல் அங்கே கடிகாரம் ஓடாது. தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாலோ காலையா மாலையா என்பதே எனக்கு மறந்துபோகும். அந்த மிஷினை மூட்டைகட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். எதையும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே யோசிப்பார். "சொந்தக்காரங்க இல்லாம வெளி ஆளு ஒருத்தர். ஒரே ஒருத்தர். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டா தொழிலைத் தொடர்ந்து பாரு. வரலைன்னா ஆபீஸுக்குப் போ. நடுவுல நின்னு குழம்பாத" என்றார்.

"ஒருத்தர்தானே? வரிசையில நிப்பாங்க பாருங்க" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் முன்னால் ஓடும்.

முதலில் நோட்டீஸ். "கிழிந்ததா? தைத்துத் தருகிறோம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, எங்கள் கட்டடத்து லிப்டில் ஒட்டச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். அவரும் அக்கறையாக நான்கு மூலையிலும் டேப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி லிப்ட் கதவுக்கு நட்டநடுவில் ஒட்டினார். அது இரண்டு பக்கமும் விலகித் திறக்கிற கதவு. முதல் ஆள் பொத்தானை அழுத்தியதும் என் விளம்பரம் நடுவில் சர்ரென்று கிழிந்தது. "கிழிந்" ஒரு பக்கமும் "ததா" இன்னொரு பக்கமுமாக நாள் முழுக்கப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. கிழிசல் தைக்கிறவளின் விளம்பரம்!

"பேப்பரே வேண்டாம். நமக்குத் துணி இருக்கு, மிஷின் இருக்கு, ரெண்டு நடமாடும் பிள்ளைங்க இருக்கு" என்று முடிவு செய்தேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவளுக்கு ஐந்து வயது. வீட்டில் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவோம். செருப்பை இடம் மாற்றி விட்டால்கூட விசாரணை நடக்கும். சின்னவனுக்கு மூன்று வயது. பெயர் உருண்டை. ஏன் அந்தப் பெயர் என்று அவனைப் பார்த்த யாரும் கேட்டதில்லை.

வெள்ளைத் துணியை வெட்டி, சிவப்பு நூலால் மிஷினிலேயே எழுத்தை ஓட்டினேன். "கிழிந்ததா? தைத்துத் தருகிறோம். பூங்கா எதிரே, மூன்றாவது மாடி." அதற்குக் கீழே, தொழிலுக்கென்று புதிதாக வாங்கிய போன் நம்பர். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவருடையதை யூனிபாரத்தில் மாட்டினால் வேலை போய்விடும் என்றார். அதனால் அது மிச்சமாகக் கிடந்தது. தினமும் சட்டை மாற்றுவார்களே என்று தைக்காமல் நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி முதுகில் மாட்டினேன். இன்ஸ்பெக்டர் ஊக்கு குத்துவதை ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். அன்று மாலையே மிச்சமிருந்த துணி கீழே தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் முதுகில் ஏறியிருந்தது. மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தேன்.

பள்ளி விடுமுறை. கணவருக்கு மாலை ஷிப்ட். அதனால் காலை நேரங்களில் அவர்தான் பிள்ளைகளை எதிரே உள்ள பூங்காவுக்கு நடத்திக்கொண்டு போவார். கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். மறுநாளே போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"தையல்காரம்மாவா? உங்க பையன் இப்பத்தான் என் கடையைத் தாண்டிப் போனான்" என்றது ஒரு பெண்குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க, என்ன தைக்கணும்?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. உங்க போர்டுக்கு நேர் கீழ அவன் டவுசர் பொளந்து கிடக்கு. அதை முதல்ல தைங்க." சிரிப்பை அடக்க முடியாமல் அவள் போனை வைத்தாள்.

மானம் கப்பலேறியது. உருண்டை வீடு திரும்பியதும் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தேன். பின்பக்கம் 'ட' எழுத்துப் போல ஒரு கிழிசல். தைத்தேன். மறுநாள் மறுபடி போன், மறுபடி அதே இடம், அதே 'ட'. இந்த முறை கூப்பிட்டவர் பல் டாக்டர். "விளம்பரம் பிரமாதம், சாம்பிளும் கூடவே வருது" என்றார். வேறு டவுசர் போட்டு அனுப்பினேன். அதற்கும் 'ட'. வாரம் முழுக்கத் தெரு முழுக்க எனக்குப் போன் செய்தது. எல்லோருக்கும் சிரிக்கத் தெரிந்தது. கிழிந்த துணி ஒருவரிடமும் இல்லை.

"எதுலடா மாட்டுது?" என்று உருண்டையைக் கேட்டால், "சர்ர்ர்ர்" என்பான். விசாரணை அதோடு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வந்தது. என் பழைய போனில் மேனேஜர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுக்கத் தைரியம் இல்லை. போனைத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் இன்னொரு தலையணையும் வைத்தேன். பிறகு மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். விட்டுக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மிஷினிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

அப்போது தொழில் போன் அடித்தது.

"தெரியும், என் பையன் டவுசர் கிழிஞ்சிருக்கு. தெரியும்!" என்று கத்தினேன்.

மறுமுனையில் ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது. "பையனோடது இல்லீங்க. என்னோடது."

நான் எழுந்து நின்றேன்.

"பூங்காவுல சறுக்குமரத்துக்கு அடியில உட்கார்ந்திருக்கேன். எழுந்திரிக்க முடியாத நிலைமை. ஒரு சின்னப் பையன் முதுகுல உங்க நம்பர் இருந்துச்சு. கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா? இதுக்கப்புறம் எனக்குப் பெரிய மீட்டிங் இருக்கு."

ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினேன். வெளி ஆள்! முன்பின் தெரியாத, கிழிந்துபோன, அசலான வெளி ஆள்!

பூங்காவில் என் கணவர் பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சறுக்குமரத்துக்குக் கீழே கோட்டும் டையுமாக ஒருவர் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் உருண்டை. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் காவலுக்கு நின்றாள்.

"தம்பி மேல ஏறிட்டு இறங்கவே மாட்டேன்னு அழுதான். இந்த மாமா ஏறிப்போய் மடியில வச்சு சர்ர்ருனு வந்தாரு. நடுவுல டர்ருனு ஒரு சத்தம்" என்று அறிக்கை கொடுத்தாள்.

அந்த மாமா தலையை நிமிர்த்தினார். என் மேனேஜர்.

"நீங்களா?" என்றார்.

"நீங்களா சார்?" என்றேன்.

"போன் எடுக்கலையேன்னு நேர்லயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பையன் அழுதான்... மனசு கேக்கல..." சறுக்குமரத்தைக் கைகாட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் ஒரு போல்ட் தலை நீட்டிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க என் பிழைப்பைக் கெடுத்தவன் அவன்தான்.

கணவரை உலுக்கி எழுப்பினேன். மேனேஜர் கோட்டைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். முன்னால் நான், நடுவில் மேனேஜர், பின்னால் மறைப்பதற்கு என் கணவர், "யாரும் பாக்காதீங்க! பாக்காதீங்க!" என்று கூவிக்கொண்டு இன்ஸ்பெக்டர். அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

வீட்டில் எல்லா நாற்காலியிலும் துணிக் குவியல். கணவரின் பூப்போட்ட அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேனேஜர் உருண்டையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் காதுவரை வந்தது. கோட்டைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினோம். பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதே 'ட'. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கத் தெரிந்த 'ட'. உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்து, கிழிந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்தேன்.

"சரி, வந்த விஷயத்தைக் கேட்டுடறேன். உங்க முடிவு என்ன?" என்றார் மேனேஜர், முக்காலியிலிருந்து முடிந்த அளவு மரியாதையோடு.

என் வாயில் வரிசையாக ஐந்தாறு குண்டூசி. "ம்ம்ம்" என்றேன்.

"வர்றீங்களா?"

"ம்ஹ்ம்ம்."

"அப்படின்னா?"

மிஷினை ஓட்டினேன். தடதடவென்று ஓடியது. முன்னும் பின்னுமாக நெருக்கமாகத் தையல் போட்டு, நூலை வெட்டி, இஸ்திரி வைத்து அழுத்தி, வெளிச்சத்தில் காட்டினேன். எங்கே கிழிந்தது என்று அவரே தடவித் தேடினார்.

"அட, இருந்த இடமே தெரியலையே!" என்றார். நாத்தனார் அந்த நேரம் பக்கத்தில் இல்லாமல் போனாளே என்று இருந்தது.

கணவர் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு முக்கியமான கேள்வி. நீங்க எங்களுக்குச் சொந்தமா?"

மேனேஜர் விழித்தார். "இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தூரத்துச் சொந்தம்கூட இல்லையா? பெரியப்பா வழி, சித்தப்பா வழி?"

"எந்த வழியும் இல்லைங்க. நான் வந்தது ஆபீஸ் வழி."

"அப்ப முடிஞ்சுது" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாயிலிருந்த குண்டூசிகளை அவசரமாக எடுத்தேன், பாதி தரையில் சிதறின. "சார், நான் வரலை. எனக்கு ஒரு கஸ்டமர் வந்துட்டாரு" என்றேன். சந்தோஷத்தில் குரல் உடைந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், தன் பூப்போட்ட அரைக்கால் சட்டையைப் பார்த்தார். அந்த உடுப்பில் யாரும் யாரையும் கண்டிக்க முடியாது. "பேன்ட்டைக் குடுங்க. மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்றார். வாசலில் நின்று, "நல்லா பண்ணுங்கம்மா" என்றும் சொன்னார். கணவர் ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்து, தானே போட்டுவிட்டு, தோளைத் தட்டி அனுப்பிவைத்தார். நான் குனிந்து தரையில் சிதறிய ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உருண்டை சாப்பிட்டான். சாதாரணமாக ஒரு வாய்க்கு ஒரு சண்டை நடக்கும். அன்று நடக்கவில்லை. இன்ஸ்பெக்டரும் ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லாமல் நல்ல பிள்ளையாக இருந்தாள். பெற்றவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கவனிக்கவில்லை.

தொழில் போன் அடித்தது. பழைய ஆபீஸ் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்.

"அட, அக்கா குரலா! நீங்க தையல் வேலை பாக்குறீங்களா? சொல்லவே இல்லையே! என் கைப்பையில ஜிப் போயிருச்சு. இங்க இன்னும் நாலஞ்சு பேர் கேக்குறாங்க, பெரிய அதிகாரிங்ககூட."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல, படிச்சோம். மேனேஜர் இப்ப மீட்டிங்ல எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு போர்டுல எழுதிட்டு இருக்காரு. அவரு கோட்டுல அழகா, சிவப்பு நூல்ல..."

நான் திரும்பிப் பார்த்தேன். மிச்ச விளம்பரத் துணி வைத்திருந்த இடம் காலி. இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்து நின்றாள். கோட்டைப் பிடித்துப் போட்டுவிட்ட மனுஷன் கூரையைப் பார்த்து நின்றார்.

"அக்கா, பாவமா இருக்கு. போய் அவருகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லும்மா, கட்டாயம் சொல்லணும். நல்ல மனுஷன்" என்றேன். "சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் சொல்லு."