பின்சக்கரச் சத்தம்

இன்னும் பதினேழு மணி நேரத்தில் அந்த வேன் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். இப்போதோ அது வீட்டின் பின்னாலிருந்த சிமெண்ட் முற்றத்தில், பின்சக்கரங்கள் தரையைத் தொடாமல், இரும்புத் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்சக்கரங்களுக்கு அவள் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தாள். கொடுத்த பிறகும் மனம் ஆறாமல் போய்க் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். கணவன் சிரித்தான்.

"கட்டை ஓடிப் போயிடாது. அதுக்கு லைசன்ஸ் கிடையாது."

வேன் பழையது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆழ்துளைக் கிணறு போடப் பாறை துளைக்கும் லாரியில் பன்னிரண்டு வருஷம் ஓட்டுநராக இருந்தவனை, "அந்தப் புழுதியும் வேண்டாம், மாசத்துல பாதி நாள் வெளியூரும் வேண்டாம்" என்று வீட்டோடு இழுத்து வந்தவள் அவள்தான். பள்ளிக்கூட வேலையைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். ஆகவே வண்டி வழியில் நின்றால் பழியும் தன் தலையில்தான் விழும் என்று அவளே முடிவு செய்துவைத்திருந்தாள்.

வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி மெதுவாகப் போகும்போது முனகலாக இருக்கும். வேகம் கூடக் கூட ஊளையாக உயரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சட்டென்று அடங்கிவிடும். கணவனிடம் சொன்னாள். "சத்தமா? வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றான். மறுபடி சொன்னாள். "உனக்குக் குழாய் சொட்டினாலே வெள்ளம் வந்துடும்" என்றான். அதற்குப் பிறகு அவள் அவனிடம் சொல்லவில்லை. வேலை செய்யும் கல்லூரி ஆய்வகத்தில், இடைவேளையில் போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சத்தம் பின் அச்சின் நடுவிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்தாள். அங்கே பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தரும் பற்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். எண்ணெய் வற்றினால் பற்கள் தேயும். ஒருநாள் எல்லாம் கவ்விக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்.

நிற்பது எங்கே என்பதுதான் அவளை இரண்டு இரவுகளாகத் தூங்கவிடவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு ரயில் பாதை குறுக்கே போகிறது. கேட் கிடையாது. இரண்டு பக்கமும் புதர் மண்டி, வளைவில் வரும் ரயில் கண்ணுக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அந்தத் தண்டவாளத்தின் மேல், உள்ளே பிள்ளைகளோடு, பின்சக்கரம் கவ்வி நின்ற வேனை அவள் மனம் திரும்பத் திரும்பக் காட்டியது.

மெக்கானிக் புதன்கிழமைக்கு முன்னால் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கூந்தலைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, அவள் வேனுக்கு அடியில் நுழைந்தாள்.

"பெரிய ஸ்பானரைக் குடுங்க" என்றாள் அடியிலிருந்து.

பதில் இல்லை. அவனுடைய செருப்புக் கால்கள் அங்கேயே நின்றன. இன்னொரு முறை கேட்டாள். கால்கள் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டாள் என்ற கோபம், வேறென்ன. கையை வெளியே நீட்டி விரல்களை ஆட்டினாள். உடனே அவன் குனிந்து முகத்தை உள்ளே நீட்டினான்.

"என்ன வேணும்?"

"பெரிய ஸ்பானர். எத்தனை தடவை கேக்கறது?"

"இந்தா. கோவிச்சுக்காத."

மேல் மூடியை முதலில் கழற்றினாள். அதுதான் முறை. கீழ் மூடியைத் திறந்து எண்ணெயை இறக்கிவிட்ட பிறகு மேல் மூடி துருப்பிடித்துக் கழலாமல் போனால், புது எண்ணெயை ஊற்ற வழியிருக்காது. வண்டி நடு முற்றத்தில் அநாதையாக நிற்கும். வீடியோவில் இதை ஒருவன் அழாத குறையாகச் சொல்லியிருந்தான்.

மாடி வீட்டு அக்கா துணி உலர்த்த வந்தவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்னம்மா, வேனுக்குப் பிரசவமா?"

"சுகப்பிரசவந்தான் அக்கா. கொஞ்சம் நேரமாகும்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிவை. நேத்து வாசல்ல நின்னு தொண்டை வத்தக் கூப்பிட்டேன். கலெக்டர் மாதிரி திரும்பாம போறார். லாரியை விட்டதும் மிடுக்கு வந்துடுச்சு போல."

அவன் மேலே பார்த்து, எதற்கும் பொருந்துகிற ஒரு சிரிப்பைச் சிரித்துத் தலையாட்டினான்.

கீழ் மூடியைத் திருகினாள். பழைய குழம்புச் சட்டியில் எண்ணெய் கொட்டும் என்று காத்திருந்தாள். கொட்டவில்லை. மெல்லிய நூலாக இறங்கி, சட்டியின் அடியை மூடிவிட்டு நின்றுபோனது. வெயில் பட்ட இடத்தில் அந்தக் கறுப்பு, வெள்ளிப் பெயிண்டைக் கலக்கியது போல் மின்னியது. மூடியின் முனையிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு விரல் தடிமனுக்கு ஒட்டியிருந்தது. தொட்டு நசுக்கினாள். நறநறத்தது.

அவள் வெளியே வந்து அந்த விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். தான் சொன்னது சரிதான் என்ற திருப்தி ஒரு கணம் இருந்தது. அடுத்த கணமே அந்தத் தண்டவாளம் நினைவுக்கு வந்தது.

"பாருங்க. அத்தனையும் இரும்பு. எண்ணெயே இல்லாம அரைச்சிருக்கு. இதுவா உங்களுக்குக் கேக்கல?"

அவன் விரலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஓட்டுநர் ஒருவன் பார்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் பார்த்தான்.

"வயசான வண்டி" என்றான் கடைசியில்.

பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன். கூட்டுக்குள் இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. அது எப்படித் தெரியாமல் போகும்? கேள்வி எழுந்ததும் அவள் அதை ஓரமாக வைத்தாள். முதலில் வேலை முடியட்டும்.

புது எண்ணெயைப் பிதுக்குக் குப்பியில் நிரப்பி, குழாய் வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றினாள். மூடிகளை இறுக்கினாள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினாள்; அந்தப் பக்கத்துச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றியது. உள்ளே பற்கள் உடையவில்லை. மூச்சு வந்தது. ஆனாலும் காதால் கேட்காமல் அவளால் நம்ப முடியவில்லை.

"எஞ்சினைப் போட்டு ரெண்டாவது கியர்ல மெதுவா சுத்த விடுங்க. அடியில இருந்து கேட்டுப் பாக்கறேன். நிறுத்துன்னா உடனே நிறுத்திடணும்."

அவள் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவன் முதுகைக் காட்டியபடி இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தான். "சரி, சரி" என்றான்.

அவள் மல்லாந்து படுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கூட்டின் மேல் அழுத்தி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். எஞ்சின் கிளம்பியது. அவளுக்குப் பக்கத்தில், எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் உருளைத் தண்டு சுழலத் தொடங்கியது. காதுக்குள் சத்தம் வந்தது. ஊளை இல்லை. கனமான ஒரு ரீங்காரம், அடியில் லேசான ஒரு அரவை. எண்ணெய் அதைத் தேற்றிக்கொண்டிருந்தது. புதன்கிழமைவரை மெதுவாகப் போனால் தாங்கும். இன்னும் சரியாகக் கேட்க ஸ்க்ரூடிரைவரை முன்னால் நகர்த்தினாள்.

மணிக்கட்டில் ஏதோ பிடித்தது. பார்த்தாள். பொத்தான் போடாத சட்டைக் கையின் நுனியைத் தண்டின் இணைப்பு கவ்வியிருந்தது. அவள் பார்க்கும்போதே துணி ஒரு சுற்றுச் சுற்றியது. கை தானாக மேலே எழுந்தது.

"நிறுத்துங்க."

தண்டு சுழன்றது.

"நிறுத்துங்க. ஐயோ, நிறுத்துங்க."

அவள் குரல் சுவர்களில் முட்டித் திரும்பி வந்தது. மாடியில் வாளி விழுந்தது. "ஏம்பா, நிறுத்துப்பா, புள்ள கத்துது" என்று அக்கா அலறினாள். எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. இருக்கையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. எஞ்சின் அதே சீரில் ஓடியது. அவள் இடது கையால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தலைக்கு மேலிருந்த வேனின் அடித்தகட்டை இடித்தாள். இடித்துக்கொண்டே இருந்தாள். தோள்பட்டைத் தையல் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு சட்டைக்கை முழுதாகக் கிழிந்து அவளை விட்டுப் போய்த் தண்டில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றது அதற்கு அப்புறம்தான்.

சட்டை பழசு. துவைத்துத் துவைத்து நைந்தது. அதனால்தான் கை இருந்தது.

கதவு திறந்து செருப்புக் கால்கள் இறங்கின. "என்ன, போதுமா? தரை அதிர்ந்துச்சு. அதான் நிறுத்திட்டேன்" என்று சாதாரணமாகக் கேட்டவன், குனிந்ததும் நின்றுவிட்டான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து இரத்தம் துளிர்த்திருந்தது. அவளை வெளியே இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டான்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்றான்.

மாடியில் அக்கா வாயைத் திறந்தாள். மடியில் கிடந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டு, விழுந்த வாளியை எடுக்காமலே உள்ளே போனாள். அவன் அக்கா நின்றிருந்த இடத்தைப் பார்த்தான், எதிர்வீட்டுத் திறந்த ஜன்னலைப் பார்த்தான், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான். மூன்றையும் கூட்டிப் பார்த்தது அவன் கண்ணில் தெரிந்தது.

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டாள். தண்ணீர் எரித்தது. கேள்விகள் அவளுக்குள் வரிசையில் நிற்காமல் முண்டியடித்தன. தொலைக்காட்சியில் கீழே எழுத்து ஓடும் படங்களையே பார்ப்பது. நடக்கும்போது எப்போதும் அவளுக்கு இடது பக்கமாக வருவது. எல்லோரும் சிரித்து முடிக்கும்போது அவன் சிரிக்கத் தொடங்குவது. இருட்டில் படுத்துக்கொண்டு பேசினால் பதில் சொல்லாமல் விளக்கைப் போடுவது. அவள் இதையெல்லாம் வயது, அலுப்பு, பிணக்கு என்று தனித்தனிப் புட்டிகளில் போட்டுப் பெயர் ஒட்டி வைத்திருந்தாள். புதரும் வளைவும் ரயில் பாதையும் மறுபடி மனத்தில் வந்தன. இம்முறை வேன் பழுதாகி நிற்கவில்லை. நன்றாகத்தான் ஓடியது. நின்றது, கண்ணாடியை இறக்கியது, கொஞ்சம் காத்திருந்தது, புறப்பட்டது.

தண்டில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தெடுத்து மடித்து வைத்துவிட்டு அவன் வந்து கையை நீட்டினான். அவள் சோப்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவன் நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, வேனிடம் திரும்பிப் போனான்.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வழக்கம்போல அவளிடம் நீட்டினான்.

"பள்ளிக்கூடத்து மேடம். நீயே பேசு, கையெல்லாம் எண்ணெய்."

கை சுத்தமாக இருந்தது. அதை அவனும் பார்த்தான்.

அவள் வாங்கவில்லை. அவனுக்கு நேர் எதிரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நீங்க பேசுங்க."

அவன் போனைக் காதில் வைத்தான். மேடத்தின் குரல் கணீரென்று அவள்வரை கேட்டது.

"நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவீங்கல்ல?"

"சரிங்க மேடம்."

"முதல்ல எந்தப் பக்கம் வர்றீங்க? கடைத்தெருவா, பாலத்துப் பக்கமா?"

"சரிங்க மேடம்."

"இல்லைங்க, எந்தப் பக்கம்னு கேட்டேன். பெத்தவங்களுக்குச் சொல்லணும்."

"சரிங்க."

அவன் அவள் கண்களைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. உதவிக்கு உதட்டையும் அசைக்கவில்லை. அது அவளுக்குச் சுலபமாக இல்லை. அவனுடைய மற்றொரு கை வேனின் பின்சக்கரத்தின் மேல் இருந்தது.

போனில் மேடம் இன்னும் ஏதோ கேட்டாள். அவன் அதைக் காதிலிருந்து எடுத்து, முன்பின் பார்த்திராத பொருளைப் பார்ப்பது போல் பார்த்தான். பிறகு வாய்க்கு அருகில் கொண்டுவந்தான்.

"மேடம், நீங்க பேசறது எனக்குக் கேக்கல."

"லைன் சரியில்லையா? இப்ப கேக்குதா?"

அவன் மனைவியைப் பார்த்தான். இப்போது அவள் உதடுகளை அசைத்தாள், குரல் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி. லைன் சரியில்லையான்னு கேக்கறாங்க.

அவன் கை தானறியாமல் சக்கரத்தைத் தள்ளியது. அந்தப் பக்கத்துச் சக்கரம் எதிராகச் சுழலத் தொடங்கியது, புது எண்ணெயில், ஓசையே இல்லாமல்.

"லைன் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றான், தெருவே திரும்பிப் பார்க்கும்படியான குரலில். "எனக்குத்தான் காது கேக்காது."