ஓரத்துண்டுகள்

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப்பையில் கிடந்த சாவிக்கொத்தையும் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றியிருப்பார், அப்புறம் முள் எங்கே நிற்கிறது என்று தெரியாதே! இவ்வளவு செய்தும் ஆஸ்பத்திரி எடை மெஷினுக்கு இரக்கம் வரவில்லை. போன தடவை எங்கே நின்றதோ, அங்கேயே நின்றது.

"மெஷின்ல ஏதோ கோளாறுங்க" என்றாள் மனைவி.

இது சட்டை இறுக்குகிறதே என்று குறைக்கிற எடை அல்ல. அவருடைய அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. யாராவது தன்னுடையதில் பாதியைக் கொடுத்தால் பிழைப்பார். குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் பொருந்தியவர் தம்பி ஒருவர்தான். ஆனால் அந்தத் தம்பியின் கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, இப்படியே வெட்டி எடுத்தால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார். இரண்டு மாதம் அவகாசம். அதற்குமேல் அண்ணன் தாங்கமாட்டார். அதில் ஒரு மாதம் ஓடியே போய்விட்டது.

மாஸ்டர் என்றால் கேக் மாஸ்டர். பிறந்ததிலிருந்து ஒல்லி என்ற சொல்லுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். மனைவி வேகவைத்துக் கொடுத்த காய்களை முகம் சுளிக்காமல் தின்றார். ராத்திரி ஒரு கிண்ணம் சூப்போடு எழுந்துகொண்டார். காலையில் தெருவைச் சுற்றிச்சுற்றி நடந்தார். நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன. முள் மட்டும் அசையவில்லை.

அவருக்குப் பெரிய பயம் அண்ணிதான். அண்ணி ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் அண்ணனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவருடைய வயிற்றைத்தான் பார்ப்பாள். ஒருநாள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"கேக் வாசனை அடிக்குதே தம்பி."

"வேலை அது அண்ணி. சட்டையில ஏறிடுது."

"ம்" என்று வழிவிட்டாள். அந்த 'ம்' அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

எடை பார்த்த கையோடு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிப்பு?" என்றாள்.

"தொடறதே இல்லம்மா. சத்தியமா."

"வேலை செய்யற இடத்துல?"

"அங்க வேலைதாம்மா செய்வேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார். அந்தப் பெண் வாதாடவில்லை. "நாளைக்கு ஒருநாள் மட்டும் பக்கத்துல ஒரு கிண்ணம் வெச்சுக்குங்க சார். வாய்க்குப் போறதை எல்லாம் அதுல போடுங்க. அவ்வளவுதான்" என்றாள்.

காலியான கிண்ணத்தைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைக்க வேண்டும் என்ற வீம்போடுதான் மறுநாள் கடைக்குப் போனார்.

கேக் வேகும்போது நடுவில் மேடு தட்டும். நீளக் கத்தியால் அந்த மேட்டைச் சீவிச் சமமாக்கினால்தான் மேலே கிரீம் தடவ முடியும். சீவிய துண்டைக் கடையில் ஓரத்துண்டு என்பார்கள். விற்கிற சரக்கு இல்லை, ஆகவே அது கேக் இல்லை. கேக் இல்லை, ஆகவே தின்றாலும் தின்றதாகாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் அடுப்படியில் நிற்கிற அத்தனை பேரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

முதல் மேட்டைச் சீவினார். கை தானாக வாய்க்குப் போனது.

"மாஸ்டர், கிண்ணம்!" என்று எதிர்மேஜையிலிருந்து கத்தினாள் பூக்காரி. கிரீமில் ரோஜாப்பூ பிழிகிறவள். அதனால் அந்தப் பெயர். கிண்ண விஷயத்தைக் காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தார்.

"அட, பழக்கதோஷம்!" என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தில் போட்டார்.

அடுத்தது உடைந்த பிஸ்கட். "கிண்ணம்!" சாக்லேட் உருகியதா என்று பார்க்க ஒரு கரண்டி. "கிண்ணம்!" கிரீமுக்குச் சர்க்கரை போதுமா என்று ஒரு விரல். அப்புறம் இன்னொரு விரல், ஏனென்றால் முதல் விரலில் சரியாகத் தெரியவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவர் புறங்கையோடு நிற்கிற ஆளாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் பூக்காரி விழுந்துவிழுந்து சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கிண்ணம் நிரம்பியிருந்தது. "இதை அமுக்கி வெச்சு மேல கிரீம் பூசினா ஒரு முழுக் கேக்கா வித்துடலாம் மாஸ்டர்" என்றாள் மெதுவாக.

மாஸ்டர் கிண்ணத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். இதையா தினமும் தின்றுகொண்டிருக்கிறோம்? இந்த ஒரு மாதமுமா? சாக்ஸைக் கழற்றினால் பள்ளம் விழுந்து கிடக்கும் அண்ணனின் வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன. மஞ்சளேறிய கண்கள் வந்தன. குப்பைத்தொட்டியருகே போய்ப் பெடலை மிதித்தார். மூடி திறந்தது. கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? பூக்காரி சொல்லமாட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், எடை மெஷினில் மறைக்க முடியாது. பெடலிலிருந்து காலை எடுத்தார்.

சாயங்காலம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவதாகத்தான் இருந்தது. கதவைத் திறந்த அண்ணியிடம் நீட்டினார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"ஒரு நாளைக்கா இவ்வளவு?"

"அரை நாளைக்கு அண்ணி."

அண்ணி கிண்ணத்தையே பார்த்தாள். பிறகு வெடித்தாள். "அங்க ஒரு மனுஷன் படுத்துக் கிடக்கறாரு. நான் விடிஞ்சா நாளை எண்ணிட்டு இருக்கேன். நீங்க இதைத் தின்னுட்டு வந்து வாசனைன்னு சொல்றீங்களே தம்பி!"

"இனிமே உயிர் போனாலும் ஒரு துணுக்கு தொடமாட்டேன் அண்ணி. இது சத்தியம்."

உள்ளறையிலிருந்து அண்ணனின் தளர்ந்த குரல் வந்தது. "அவன் சத்தியம் பண்ணினாதான்டி எனக்குப் பயம். சிகரெட்டை எத்தனை தடவை சத்தியம் பண்ணி விட்டான்னு கேளு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆலோசகரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். "சுத்தமா விட்டுடறேன்னு சொல்லாதீங்க சார். பத்து நாள் விடுவீங்க, பதினோராம் நாள் கிண்ணம் மறுபடி நிறையும். வாரத்துக்கு ஒரு துண்டு சாப்பிடுங்க. நல்ல துண்டா, தட்டுல வெச்சு, உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க. நின்னுட்டு வாயில போடற எதுவும் வேண்டாம்."

அன்றிலிருந்து ருசி பார்க்கிற வேலை பூக்காரிக்கு மாறியது. ஓரத்துண்டுகள் மூடி போட்ட டின்னுக்குள் போயின. அதெல்லாம் எளிது. அந்த நாலு பேர்தான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டு கேக்கின் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரண்டி கையிலேயே நின்றது.

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சாப்பிடுங்க தம்பி. என் கண்ணு முன்னால சாப்பிடுங்க. பார்க்காத இடத்துல என்ன நடக்குதோன்னு நினைச்சு நினைச்சுத்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

ஒரு வாய் வைத்தார். மென்றார். தன் கேக்கை உட்கார்ந்து தின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. புருவத்தைச் சுளித்தார்.

"என்ன?" என்று பதறினாள் அண்ணி.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

முள் இறங்கத் தொடங்கியது. நடுவில் ஒரு வாரம் கொஞ்சம் ஏறிவிட, நாலு பேருக்கும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுத் துண்டை நிறுத்திவிடலாம் என்று மாஸ்டரே சொன்னார். அண்ணிதான் மறுத்துத் தட்டை எடுத்து வந்தாள். அடுத்த வாரம் முள் மறுபடி இறங்கியது. ஸ்கேன் அன்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தது.

"எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு அண்ணனைச் சுவரில் சாய்த்துக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். தட்டு வந்தது. மாஸ்டருக்கு, தன்னை அறுப்பார்கள் என்ற பயத்தைவிட, அறுத்தும் அண்ணன் எழுந்திருக்காவிட்டால் என்ற பயம் பெரிதாக இருந்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏன்டா?" என்றார் அண்ணன்.

"நீ பார்த்துட்டு இருக்கே. எனக்கு எப்படி இறங்கும்?"

அண்ணன் எலும்பும் தோலுமான கையை நீட்டித் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"ரசிச்சுத் தின்னுடா. பாதி எனக்கு வரப்போகுது."