வைடூரியத்தில் ஒரு கோடு

மாப்பிள்ளைக்குக் கேது திசை, வைடூரிய மோதிரம் போட்டே ஆக வேண்டும் என்று ராஜபாளையத்துச் சம்பந்தி வீட்டார் ஒற்றைக் காலில் நின்றார்கள். பெண்ணைப் பெற்ற தேவதானத்துப் பால்சாமி உழவு மாடுகளை விற்று வாங்கிக் கொடுத்தார். 1984 ஐப்பசி மழையில் கல்யாணம். மூன்றாம் நாளே மாப்பிள்ளை பொன்னுராஜ் மோதிரத்தைப் புது நகைக்கடை ஒன்றில் காட்டினான். நாலு சுவரிலும் டியூப் லைட் எரிந்த கடை. கடைக்காரர் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வைடூரியத்துக்கு இருக்க வேண்டிய பூனைக்கண் கோடு இல்லை, போலி என்று உதட்டைப் பிதுக்கினார்.

அன்றிலிருந்து இசக்கியம்மாளுக்கு அந்த வீட்டில் பொய்க்கல்லுக்காரன் மகள் என்று பேர். குழம்பில் உப்புக் குறைந்தாலும் மாமியார் கல்லைத்தான் இழுப்பாள். குத்திக்காட்டியவர்களை விட்டுவிட்டுப் பெற்றவரைப் பகைப்பது எவ்வளவு வசதி! தை மாதம் பால்சாமி சீர் கொண்டு வந்தபோது, இசக்கி மோதிரத்தை அவர் கையில் திணித்தாள்.

"நல்ல கல்லுதாம்மா. வெயில்ல பாத்துத்தான் வாங்குனேன். செத்த வெளிய வந்து பாரேன்."

"போதும்ப்பா. இனிமே இந்தப் பக்கம் வராதிய."

அவர் வரவில்லை. பத்து வருஷம் கழித்து அவர் செத்த சேதிதான் வந்தது.

காரியம் முடிந்ததும் தம்பி அந்த மோதிரத்தைக் கொடுத்தான். விற்றுத் தொலைக்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கல் வியாபாரி அகமது கபீரிடம் போனாள். அவர் வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தார். தேன் நிறக் கல்லின் நடுவே வெள்ளிக்கம்பி போல ஒரு கோடு. திருப்பினால் அதுவும் நகர்ந்தது.

"கண்ணாடியிலயும் கோடு கொண்டாந்துருவாங்கம்மா" என்றவர், கல்லைப் படிகத் துண்டின்மேல் அழுத்தி இழுத்தார். கீறல் படிகத்தில்தான் விழுந்தது. "கண்ணாடின்னா படிகத்தக் கீறாது. அசல் வைடூரியம். யாரு பொய்யின்னது?"

"டியூப் லைட்டுல கோடு தெரியலன்னாங்க."

"எப்படித் தெரியும்? நாலாபக்கமும் வெளிச்சம் விழுந்தா கோடு கலைஞ்சிரும். ஒத்த வெளிச்சம் வேணும். வெயில்ல காட்டியிருந்தா பச்சப்புள்ளகூடச் சொல்லியிருக்கும்."

அவள் விற்கவில்லை. வீட்டில் வந்து சொன்னதும் பொன்னுராஜ் மோதிரத்தைப் பிடுங்கி விரலில் மாட்டிக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு ஓடினான்.

"மாமா நல்ல கல்லாத்தான் போட்டிருக்காரு. அப்பமே சொல்லியிருக்கலாம்ல?"

இசக்கிக்கு அந்த விரலை ஒடித்துவிடலாம் போல இருந்தது.

"சொன்னாரு. நாந்தான் வெரட்டிவிட்டேன்."

அது அவன் காதில் விழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிக் கோடு ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.