சைடிங் தெருவின் நாலாவது வீடு

சீனாக்காரன் எல்லையில் புகுந்ததால் யாருக்கு என்ன கிடைத்ததோ, பட்டாபிராமில் நாகேந்திரனுக்கு ஏழு வீடு கிடைத்தது. அதற்கு முன் அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரு பூர்வீக வீடும், சைடிங் என்கிற ராணுவக் கிளை ரயில்பாதையை ஒட்டி முக்கால் ஏக்கர் களர் நிலமும்தான். கேழ்வரகுகூட அங்கே வேண்டாவெறுப்பாகத்தான் முளைக்கும். அறுபத்து மூன்றில் பக்கத்து முகாம் மூன்று பங்காகப் பெருத்தது. குவார்ட்டர்ஸ் போதாமல் சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே வீடு தேடினார்கள். நாகேந்திரன் பூர்வீக வீட்டை விற்று, அந்தக் களர் நிலத்தில் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக ஏழு வீடு கட்டினான். தானும் மனைவியும் கிணற்றடிக் குடிசையில் ஒண்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து எதிரே ஒரு தையல் கடை வந்தது, ஒரு போட்டோ ஸ்டுடியோ வந்தது, வடக்கத்திக் குடும்பங்களுக்காகக் கோதுமை அரைக்க ஒரு மில்லும் வந்தது. புழுதிக்கு சைடிங் தெரு என்று பெயரே வந்துவிட்டது.

எழுபத்தொன்று ஆவணியில் சண்டை மூளும் என்று படையைக் கிழக்கு எல்லைக்கு மாற்றினார்கள். மூன்றே நாள். ரயில் வந்து நின்று ஜீப்பையும் பெட்டியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. குடும்பங்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பின. நாலாவது வீட்டுப் பஞ்சவர்ணம் மட்டும் கிளம்பவில்லை. அவள் ஆற்காட்டுப் பக்கத்துப் பெண், ஹவில்தார் ஒருவரின் மனைவி. ஐந்து வயதில் ஒரு மகள்.

"அண்ணா, அவரு நேரா இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. வந்த அன்னிக்கே காலி பண்ணிடறேன்," என்று கெஞ்சினாள்.

அடுத்த மாதமே வேறு ரெஜிமென்ட் வரப்போகிறது, ஏழு வீட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தையல்காரன் அடித்துச் சொல்லியிருந்தான். "ஊடு வேணும்மா, நான் இன்னா பண்ணட்டும்?" என்றான் நாகேந்திரன். அவளுடைய தகரப் பெட்டியை அவனே தலையில் சுமந்துபோய் ஸ்டேஷனில் இறக்கினான். அதைப் பெரிய உதவி என்றுகூட அன்றைக்கு நினைத்துக்கொண்டான், பாவி.

ரெஜிமென்ட் வரவே இல்லை. முகாம் வெறும் சரக்குக் கிடங்காகச் சுருங்கியது. வாசலில் இரண்டு காவலாளிகள்தான் மிஞ்சினார்கள். மார்கழி பிறக்கும்போது சண்டை முடிந்தது, ஸ்டேஷனில் மிட்டாய் கொடுத்தார்கள். தை முடிவதற்குள் தையல் கடையும் ஸ்டுடியோவும் மில்லும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. ஏழு வீடும் பூட்டிக் கிடந்தன. சித்திரைக்குள் யாரும் குடிவராவிட்டால், ஓட்டுக்கும் செங்கல்லுக்குமாக இடித்தெடுத்துக்கொள்ள ஒருவன் பேசி வைத்திருந்தான். அதற்குப் பிறகு நாகேந்திரனுக்குக் கூலி வேலைதான்.

அவன் மனைவி தாட்சாயிணி தினமும் பொழுது சாயும்போது ஏழு வீட்டையும் திறந்து பெருக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அகல் ஏற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவாள். ஆள் இல்லாவிட்டாலும் விளக்கு வைக்க வேண்டும், இல்லையென்றால் மூதேவி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம்.

வீடு தேடி ஆள் வராமலும் இல்லை. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது, ரயிலேறினால் போய்விடலாம். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் நாகேந்திரனைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். மூன்றாமவனை ஸ்டேஷனில் மடக்கிக் கேட்டான்.

"காலியா கீதுன்னு சொல்லி வுட்டாங்கோ. வந்து பாத்தா ஏழு ஊட்லயும் வெளக்கு எரியுது. நாலாவது ஊட்டம்மா உள்ளேர்ந்தே சொல்லிச்சுப்பா, ஊடு காலி இல்லே, அவரு வரணும்னு," என்றான் அந்த ஆள்.

அது பஞ்சவர்ணத்தின் பேச்சு என்று நாகேந்திரனுக்குத் தெரிந்தது. பயப்படுவதற்குக் கோபமே மேல் என்று கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"நீதானே உள்ள நின்னுகினு வர்றவனையெல்லாம் தொரத்தறே?"

"எனக்கு இன்னா மாமா தலையெழுத்து?" என்றாள் தாட்சாயிணி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னு சொல்லணும்னு இருந்தேன். நாலாவது ஊட்ல தரை தெனமும் ஈரமா கீது. யாரோ அப்பத்தான் கழுவி வுட்டாப்பல. பயந்துகினுதான் சொல்லல."

"கம்முனு இரு. எல்லாம் உன் வெளக்கால வந்த வினை," என்றான். அகல்களையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டினான். ஏழு பூட்டையும் இழுத்துப் பார்த்தான். அன்றிலிருந்து அந்த வரிசை இருண்டு கிடந்தது. அவனுக்கும் நிம்மதியாக இருந்தது.

பங்குனியில் அதிர்ஷ்டம் திரும்பியதுபோல் இருந்தது. தொழிற்பேட்டைக் குமாஸ்தா வரதனை ஸ்டேஷனிலேயே பிடித்து, பேச்சை அங்கேயே முடித்துவிட்டான். வரதனுக்குப் பிடித்துவிட்டால் கூட வேலை செய்யும் ஆறு குடும்பங்களும் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. ஏழு வீடும் நிரம்பிவிடும். இடிக்க வேண்டாம்.

நல்ல நாள் பார்த்துக் காலையில் வரவேண்டிய கட்டை வண்டி, வழியில் அச்சு முறிந்து, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. வரதனின் மனைவி பால் காய்ச்சுகிற பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாகேந்திரன் சாவிக்கொத்தோடு ஓடிவந்தான். தாட்சாயிணி கூடவே வந்தாள்.

ஏழு ஜன்னலிலும் வெளிச்சம் இருந்தது.

"என்னங்க, காலின்னு சொன்னீங்களே?" என்றார் வரதன்.

நாகேந்திரன் மனைவியைப் பார்த்தான். அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் இல்லே மாமா," என்றாள். ஓட்டுக்கு மேலே அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கதவுகளில் அவன் போட்ட பூட்டுகள் போட்டபடியே தொங்கின.

அவன் தனியாக நாலாவது வீட்டு வாசலுக்குப் போனான். உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றித் தரையைக் கூட்டித் தள்ளும் சத்தம். சொந்த வீட்டுக் கதவை அவன் அதுவரை தட்டியதே இல்லை. தட்டினான். கூட்டும் சத்தம் நின்றது.

"அப்பாவா?" என்றது ஒரு குழந்தை.

"இல்லடி, வீட்டுக்காரரு," என்றாள் ஒரு பெண். பிறகு கதவருகே வந்து, "இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணா. அவரு வந்த அன்னிக்கே காலி பண்ணிடறேன்," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தக் குரலில் கோபமே இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே மரியாதையோடு இன்றைக்கும் கேட்டது. நாகேந்திரனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. சண்டை முடிந்து நாலு மாதம் ஆகிறது என்று அவன் அவளிடம் சொல்லவில்லை. சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டான்.

திரும்பி வண்டிக்கு வந்தான். வரதன் பாதிப் பாத்திரங்களை இறக்கியிருந்தார்.

"ஊடு காலி இல்லே சார்," என்றான் நாகேந்திரன். "அவரு வரணும்."